கேட்டைத் தாண்டிய நாடகம்

பங்கஜம் எழுதிய ஒரே ஒரு வரிக்காக, ஐம்பத்தெட்டுப் பெண்களை ஏற்றிய ஒரு கம்பெனி பஸ், மெட்ராஸ்-பெங்களூர் நெடுஞ்சாலையில், பட்டப்பகலில், ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் ரிவர்ஸ் கியரிலேயே ஓடியது. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் கல்யாண ஊர்வலத்துக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்றன. ஒரு மாட்டுவண்டியின் இரண்டு மாடுகளும், இதுதான் இன்றைய சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தாங்களும் பின்னோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டன.

நம்ப மாட்டீர்கள். ஆம்பூரிலும் யாரும் நம்பவில்லை. மூன்று கிலோமீட்டர் என்று சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. அது சுத்தப் புளுகு. ஒன்றரைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த பஸ்ஸில் முன் சீட்டில், கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து வந்த தனகோடியே, "அப்படி ஒண்ணும் நடக்கலை" என்று மூன்று மாதம் ஒரே பிடியாக நின்றாள்.

வருஷம் எண்பத்தாறு. ஆம்பூருக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஷூ கம்பெனி. ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். 'அப்பர்' என்று அதற்குப் பெயர். அடிப்பாகம் அங்கே ஒட்டுவார்கள். பங்கஜம் ஏழு வருஷமாக அப்பர் தைத்தாள். முழு ஷூ ஒன்றை அவள் கண்ணால் பார்த்தது மேனேஜர் அப்துல் வஹீத் சாரின் காலில்தான்.

பங்கஜத்தின் ஊரான மாதனூரில், பஞ்சாயத்து ஆபீசில் அப்போது ஒரு டி.வி. வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாடகம். ஊரே கூடும். ஒருத்தர் மாடி மேல் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருநூறு பேர் "இன்னும் கொஞ்சம்... ஐயோ போச்சு... ஹாங், அங்கியே நில்லு" என்று கத்த, நாடகத்தில் மாமியார் என்ன சொன்னாள் என்பது பாதிப் பேருக்குக் காதில் விழாது. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு பங்கஜம் சொன்னாள்:

"இதைவிட நான் நல்லா எழுதுவேன்."

பக்கத்தில் தனகோடி இருந்தாள். தனகோடி கம்பெனியில் செக்கர். மற்றவர்கள் தைத்து வைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூன்றில் ஒன்றில் வெள்ளைச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரம் தள்ளுவது அவள் வேலை. அந்தக் குறியை அவள் மனுஷர்களுக்கும் போடுவாள்.

"எங்க எழுது, பார்ப்போம்," என்றாள் தனகோடி. "மளிகைச் சீட்டு எழுதவே உனக்கு மூணு நாள் ஆகுது."

பங்கஜம் எழுதினாள். கம்பெனியில் தீர்ந்துபோன வேலைகளின் மஞ்சள் ஜாப் கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, பின்பக்க வெற்றிடத்தில் எழுதினாள். நாற்பத்துமூன்று பாத்திரங்கள். பாலாற்றில் வெள்ளம். வெள்ளத்தில் ஒரு கல்யாண கோஷ்டி. அரக்கோணம் ஜங்ஷனில் ரயில் மாறிப்போகிற ஒரு மாப்பிள்ளை. அவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவர ஒரு யானை. மூட்டையாகக் கட்டி மெட்ராஸ் டி.வி. நிலையத்துக்கு அனுப்பினாள். தபால்காரர் அதைத் தூக்கியபோது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்பார்கள்.

ஒன்றரை மாதத்தில் மூட்டை திரும்பி வந்தது. உள்ளே கோவிந்தராஜ் என்று ஒரு தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்ட கடிதம்.

'அன்புள்ள பங்கஜம் அவர்களுக்கு, தங்கள் நாடகத்தில் ஒரு வெள்ளமும் ஒரு யானையும் இருக்கின்றன. எங்கள் ஸ்டுடியோக் கதவின் உயரம் ஏழடி. யானை நுழையாது. ஆனால் நாற்பத்துமூன்று பேரும் நாற்பத்துமூன்று விதமாகப் பேசுகிறார்கள். அது எல்லோருக்கும் வருவதில்லை. சிறியதாக எழுதிப் பாருங்கள். இரண்டு அறை, ஐந்து பேர், இருபத்தேழு நிமிடம்.'

பங்கஜம் அந்தக் கடிதத்தை பஸ்ஸில் பதினோரு தடவை வாசித்தாள். தனகோடி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தோலில் ஓட்டை தேடுகிற மாதிரி.

"இது நீயே எழுதினதுடி."

"டைப் அடிச்சிருக்குக்கா!"

"டைப் அடிக்கத் தெரிஞ்சவன் ஊர்ல நூறு பேர்."

இரண்டாவது நாடகத்தில் யானை இல்லை. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற ஒரு அப்பா. அவர் மகள் கமலா. கமலா தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. நூலைத் தொடுகிற வீட்டில் தோலைத் தொடுகிறவளா என்று கோபம். சாப்பிடச் சொல்ல வேண்டுமானால் மனைவியிடம், "அவளைச் சாப்பிடச் சொல்லு." அவளும் அம்மாவிடம், "அவரை வெத்தலையைக் குறைச்சுக்கச் சொல்லும்மா." இரண்டடி இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு இருவரும் இப்படி ஒரு வருஷம். நடுவில் அம்மா தபால் ஆபீஸ். இவர்கள் மூன்று பேர், ஒரு கல்யாணத் தரகர், ஒரு பக்கத்து வீட்டுக்காரி. ஐந்து பேர் கணக்கு சரி. நெசவு அறை, சமையலறை. அதுவும் சரி. அட்டையில் 'இருபத்தேழு நிமிடம்' என்று பெரிதாக எழுதி அனுப்பினாள்.

பதில் பத்தே நாளில் வந்தது.

'கதை பிடித்திருக்கிறது. ஆனால் நான் வாசித்துப் பார்த்ததில் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகிறது. இருபத்தேழு என்று எதை வைத்து எழுதினீர்கள்? இன்னொன்று: டி.வி.யில் பார்க்கலாம். பார்ப்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. திருத்தி, இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் எங்கள் கையில் கிடைக்கும்படி அனுப்பினால் தை மாத வரிசையில் சேர்ப்பேன். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும். இந்த முறை வேறொருவரை வைத்து நேரம் பார்த்து, அவர் கையெழுத்தோடு அனுப்பவும். ஒரு நிமிடம் கூடினாலும் செய்தி வாசிப்பவர் காத்திருக்க மாட்டார்.'

பங்கஜத்துக்குத் தலை மேகத்தில் இடித்தது. ஆனால் இருபத்தேழு நிமிஷம் என்றால் எவ்வளவு நீளம்? வீட்டில் கடிகாரம் கிடையாது. தோலைச் சதுர அடியில் அளப்பார்கள், நூலைக் கண்டில் அளப்பார்கள். நாடகத்தை எதில் அளப்பது?

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது அவளுக்கு விஷயம் பளிச்சென்று உறைத்தது. டிரைவர் லியாகத் அலி!

லியாகத் அலியின் பஸ் மாதனூரில் ஏழு முப்பத்துமூன்றுக்குப் புறப்பட்டால் கம்பெனி கேட்டில் சரியாக எட்டு. நடுவில் ரைஸ்மில் ஸ்டாப், புளியமரத்து ஸ்டாப், வாராவதி ஸ்டாப். மழை பெய்தாலும் எட்டு. ஆட்டு மந்தை குறுக்கே வந்தாலும் எட்டு. எலெக்ஷன் ஊர்வலத்துக்கு நடுவிலும் எட்டு. பெங்களூர் ரயில் டிரைவர் தண்டவாளத்தில் இருந்து எட்டிப் பார்த்து, இந்த பஸ்ஸை வைத்துத் தன் வாட்சைத் திருத்திக்கொள்வார் என்று பெண்கள் சத்தியம் செய்வார்கள். ஏழு முப்பத்துமூன்றிலிருந்து எட்டு. இருபத்தேழு நிமிஷம்!

"லியாகத் பாய், இன்னையிலேர்ந்து உங்க பஸ்ஸுதான் எனக்குக் கடிகாரம்," என்றாள் பங்கஜம்.

லியாகத் அலி மீசையைத் தடவிக்கொண்டார். கையில் கட்டியிருந்த எச்.எம்.டி. வாட்சைப் பார்த்தார். "படிம்மா, படி. பாய் வண்டி ஒரு நிமிஷம் ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. கையெழுத்து நான் போடுறேன்."

முதல் நாள் பங்கஜம் படித்தாள். கேட் வந்தபோது தரகர் இன்னும் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

"அந்தத் தரகரை வெயில்லயே நிக்க வெச்சிடுக்கா," என்றாள் ஷஹீன் பானு. பங்கஜத்துக்கு அடுத்த மெஷின். தொண்டை கனத்த தொண்டை. அப்பா வேஷத்துக்கு அவள்தான். அவள் "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று உறுமினால் பஸ் ஜன்னல் அதிரும்.

இரண்டாம் நாள் வேறு தொல்லை. ரைஸ்மில் ஸ்டாப்பில் ஏறிய பன்னிரண்டு பேரும் ஏறியவுடன், "இன்னா ஆச்சு? யாரு யாருகிட்ட பேசலை?" என்றார்கள். மற்றவர்கள் சொன்னார்கள். புளியமரத்தில் ஏறியவர்களுக்கு மறுபடி சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் வாராவதி. பங்கஜம் கார்டுகளை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். டி.வி. பார்க்கிறவர்களும் இப்படித்தானே? ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு நடுவில் வருவாள். வந்து உட்காருகிறவளுக்கு, கேட்காமலே, இரண்டு வரியில் புரிய வேண்டும். அன்று ராத்திரியே ஒவ்வொரு காட்சியின் முதல் பேச்சையும் மாற்றினாள். மூன்றாம் நாள் ரைஸ்மில்லில் ஏறியவர்கள் கம்பியைப் பிடித்ததும் பேசாமல் நின்றார்கள். புரிந்துவிட்டது!

பிறகு, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம் தடித்துத் தடித்து நின்றது. அதற்கு மருந்து அவள் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு தோலை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைப்பதற்கு முன்னால், ஓரத்தை மெல்லிசாகச் சீவுவார்கள். சீவாவிட்டால் அந்த இடம் புடைத்துக்கொண்டு காலைக் கடிக்கும். அவள் ஏழு வருஷமாகச் சீவிய தோலைத் தைக்கிறாள். நாடகத்தைச் சீவ வேண்டும் என்று தோன்றவில்லையே! எல்லாக் காட்சியின் வாலையும் சீவினாள். "சரி, நான் வர்றேன்", "போய்ட்டு வாங்க", "பார்த்துப் போங்க" எல்லாம் போயிற்று. தரகர் வாய் திறந்தால் அடுத்த காட்சியில் பக்கத்து வீட்டுக்காரி பதில் சொன்னாள். ஒரே நாளில் ஒன்பது நிமிஷம் மிச்சம். அன்று அவள் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை; பறந்தாள்.

கம்பெனியில் ஒரு அதிசயம் நடந்தது. இரண்டு வாரம் ஒருத்திகூட லீவு போடவில்லை. காய்ச்சல்காரிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். புளியமரத்துப் பெண் ஒருத்தி, காலையில் தன்னைப் பெண் பார்க்க வரவிருந்தவர்களிடம் "சாயங்காலமா வாங்க" என்று சொல்லி அனுப்பினாள். அப்துல் வஹீத் சார் வருகைப் பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கேண்டீன் சாம்பார் நன்றாகிவிட்டது போலிருக்கிறது என்று சமையற்காரருக்குக் கை கொடுத்தார்.

தனகோடி மட்டும் முன் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பஸ் லீடர்; பெயர் கூப்பிட்டுப் பதிவு எடுப்பதும், 'ஹோல்டான்' என்று வண்டியை நிறுத்தச் சொல்வதும் அவள் பொறுப்பு. நாடகத்தைக் கேட்கிற மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் முடிவு என்ன என்று பங்கஜம் சொன்ன அன்று சட்டென்று திரும்பினாள்.

முடிவு இதுதான். கமலாவின் அம்மா, தன் தங்கையின் பிரசவத்துக்காக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாள். தபால் ஆபீஸ் மூடிவிட்டது. வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அப்பா தறியிடம் பேசுகிறார். "யாராவது அவளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று ஆட்டுக்குட்டியிடம் சொல்கிறார். கடைசியில் அவர் மகளிடம் நேராகப் பேசுகிறார்.

"நடக்காது," என்றாள் தனகோடி.

"எது நடக்காதுக்கா?"

"ஒரு வருஷம் பேசாத அப்பன் ஒரு நாள் காலையில பேசிடுவானா? சும்மா கதை விடாத. ரிஜெக்ட்."

பங்கஜத்துக்குச் சுருக்கென்றது. அந்த முடிவில் அப்பா பக்கம் பக்கமாகப் பேசினார், மன்னிப்புக் கேட்டார், மகளின் தலையில் கை வைத்து அழுதார். கார்டை எடுத்துப் படித்துப் பார்த்தாள். தனகோடி சொல்வது சரி. இந்த அப்பா பேச மாட்டார். கோவிந்தராஜ் சாரின் கடிதத்தை எடுத்தாள். 'பார்ப்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை.'

பத்தொன்பதாம் தேதி காலை. அன்று மதியம் ஒரு மணிக்குக் கம்பெனி ஜீப் ஏற்றுமதிக் காகிதங்களோடு மெட்ராஸ் போகிறது. ஜீப் டிரைவர் நாடகக் கட்டை டி.வி. நிலையத்தில் கொடுத்துவிட ஒப்புக்கொண்டிருந்தார். இதை விட்டால் வேறு வழியில்லை. ஏழு முப்பத்துமூன்று. லியாகத் அலி வாட்சைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், பஸ் நகர்ந்தது. பங்கஜம் எழுந்து நடுவழியில் நின்றாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

"இன்னாடி, காலையிலியே சாப்பாடு?" என்றது பின் சீட்டு.

"கடைசிக் காட்சிக்கு."

ரைஸ்மில்லில் நாடகம் ஓடியது. புளியமரத்தில் பறந்தது. தரகர் வந்தார், அப்பா "எம்பொண்ணு சும்மாதான் இருக்கா" என்று பொய் சொன்னார், உள்ளேயிருந்து கமலா தன் கம்பெனி அடையாள அட்டையைக் கொண்டுவந்து தரகர் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் விசில் பறந்தது. வாராவதியில் ஏறியவர்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். அம்மா வேலூருக்குப் போனாள். ஷஹீன் பானு ஆட்டுக்குட்டியைத் திட்டினாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். கடைசி இரண்டு நிமிஷம் பேச்சே இல்லை.

பேச்சில்லாத இடத்துக்குப் பங்கஜமே அப்பாவானாள். குனிந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். இல்லாத சோற்றை அள்ளிப் போட்டாள். மூடியை மாட்டத் தெரியவில்லை. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் திறந்தது. மூன்று தடவை. பெண்கள் சிரித்தார்கள். மாட்டிவிட்டாள். துண்டால் துடைத்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அங்கே மகளின் செருப்பு, தோல் செருப்பு, வீட்டைப் பார்த்துக் கிடந்தது. சிரிப்பு நின்றது. பங்கஜம் மெதுவாகப் போய்க் குனிந்தாள். கை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். இரண்டு செருப்பையும் கையால் எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி, ஜோடியாக வைத்தாள்.

நிமிர்ந்தாள். ஷஹீன் பானு, உறுமாமல், சின்னக் குரலில் சொன்னாள்:

"கமலா, பஸ்ஸு வந்துடும். சாப்பிட்டுப் போ."

அவ்வளவுதான் நாடகம்.

ஒருத்தியும் கை தட்டவில்லை. ஒருத்தியும் இருமவில்லை. மற்ற ஐம்பத்தேழு பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒரு அப்பா, ஒரு மாமனார், ஒரு அண்ணன். அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி; ரோட்டோரக் காக்கைகள் கத்துவதை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று பார்த்தன. அமைதியிலேயே பஸ் போனது. போனது. போய்க்கொண்டே இருந்தது.

"பாய்!" என்று அலறினாள் ஷஹீன் பானு. "கம்பெனி எங்க?"

லியாகத் அலி பிரேக்கை மிதித்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தார். முன்னால் ஆம்பூர் ஊர் தெரிந்தது. பதினாறு வருஷ சர்வீசில் முதல் தடவையாக கேட்டைத் தாண்டிப் போயிருந்தார்.

"அரே அல்லா!"

ரோட்டின் இரண்டு பக்கமும் அகலப்படுத்துகிற வேலைக்காக ஜல்லிக் குவியலும் தார் டிரம்மும். திருப்ப இடமில்லை. ஊருக்குள் போய்த் திருப்பினால் அரை மணி நேரம் போய்விடும். லியாகத் அலி ரிவர்ஸைப் போட்டார். பின் கண்ணாடி வழியாகப் பதினைந்து பேரும், ஜன்னல்கள் வழியாக முப்பது பேரும் தலையை நீட்டினார்கள். "வா வா வா வா... ரைட்டுல ஒடி... ஐயோ லெஃப்டு... யோவ் லாரி, ஒதுங்கு!" பின் ஏணியில் தொற்றிக்கொண்டு ஒருத்தி சிவப்பு டிபன் துணியைக் கொடி மாதிரி ஆட்டினாள். அந்த மாடுகள் விஷயம் இங்கேதான் நடந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர். கேட்டுக்குள் பஸ் பின்பக்கமாகவே நுழைந்தபோது மணி எட்டு இருபது. வாட்ச்மேன் முன்பக்கத்துக்கு சல்யூட் அடிப்பதா பின்பக்கத்துக்கா என்று தெரியாமல் இரண்டுக்கும் அடித்தார்.

பங்கஜத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. ஓடிப்போய் டிரைவர் சீட்டுப் பக்கம் நின்று கடைசிக் கார்டை நீட்டினாள்.

"பாய், கையெழுத்து! முடியும்போது மணி இன்னா?"

லியாகத் அலியின் முகம் தொங்கிவிட்டது. "பேட்டி... மகளே... நான் வாட்சைப் பார்க்கலியே. அந்தச் செருப்பை..." நிறுத்தினார். "கேட்டுக்கு முன்னாடி முடிஞ்சுதா, பின்னாடி முடிஞ்சுதா, குரான் மேல சத்தியமா எனக்குத் தெரியாது. பொய்க் கையெழுத்து போட மாட்டேன்."

பங்கஜத்தின் சந்தோஷம் அப்படியே உறைந்தது. கேட்டுக்கு நேராக முடிந்திருந்தால் இருபத்தேழு. தாண்டிப் போய் முடிந்திருந்தால் முப்பது. முப்பது என்றால் டி.வி.காரர் எடுக்க மாட்டார். மூன்று நிமிஷம் வெட்ட வேண்டும். எதை வெட்டுவது? பேச்சே இல்லாத இரண்டு நிமிஷத்தைத்தான். டிபன் பாக்ஸும் செருப்பும் போய்விடும். அது போனால் அப்பா எப்படிப் பேசுவார்?

ஐம்பத்தேழு பேரையும் கேட்டாள். எல்லோர் கண்ணும் அவள் கையில் இருந்த டிபன் பாக்ஸ் மேலேயே இருந்திருக்கிறது. ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்தி, முன் சீட்டுத் தனகோடி; அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து மணிக்கு அப்துல் வஹீத் சார் விசாரணை வைத்தார். ஐம்பத்தேழு பேர் ஐம்பத்தேழு காரணம் சொன்னார்கள்: பஞ்சர், பாம்பு, ஸ்டியரிங், மந்திரி கார். கடைசியில் பஸ் லீடரைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா ஆச்சு? வண்டி ரிவர்ஸ்ல வந்துச்சுன்னு வாட்ச்மேன் சொல்றான்."

"அப்படி ஒண்ணும் நடக்கலை சார்," என்றாள் தனகோடி, கண்ணைக்கூட இமைக்காமல். "நான் தூங்கிட்டேன்."

"தூங்கிட்டா, நடக்கலைன்னு எப்படித் தெரியும்?"

"நடந்திருந்தா முழிச்சிருப்பேன்."

சார் தலையைச் சொறிந்துகொண்டார். லியாகத் அலிக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டார்.

பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம். பங்கஜம் மெஷின் மேல் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸ் காட்சி மூன்று கார்டு. பேனாவைத் திறந்தாள். முதல் வரியின் மேல் முனையை வைத்தாள். ஜீப்பின் எஞ்சின் சத்தம் வெளியே கேட்டது. முனை நகரவில்லை.

கார்டுகளின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"எந்த இடத்தை வெட்டப் போற?" தனகோடிதான்.

"செருப்பை."

தனகோடி எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாக்பீஸ் தூள் படிந்த விரல்களைப் புடவையில் துடைத்தாள். சுற்றும் பார்த்தாள். பிறகு, நகைக் கடையில் விலை கேட்கிற மாதிரிக் குசுகுசுவென்று சொன்னாள்:

"'சாப்பிட்டுப் போ'ன்னு ஷஹீன் சொன்னப்ப, கம்பெனி போர்டு என் ஜன்னலுக்கு நேரா இருந்துச்சு. வாட்ச்மேன் கையைத் தூக்கினான். நான் பார்த்தேன்."

பங்கஜத்தின் கையிலிருந்து பேனா விழுந்தது. "அக்கா! பார்த்துட்டு ஏன் 'ஹோல்டான்' சொல்லலை?"

தனகோடி சாக்பீஸைக் கையில் உருட்டினாள். "எங்கப்பாவும் குடியாத்தம்தான்டி. ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் எங்கம்மாகிட்டதான் சொல்றாரு, 'அவளை வரச் சொல்லு, அவளைப் போகச் சொல்லு'ன்னு." மூக்கை உறிஞ்சினாள். "வாயைத் திறந்தா அழுதுடுவேனோன்னு இருந்துச்சு. அதான் வண்டி போனா போவுதுன்னு விட்டுட்டேன். இதை யார்கிட்டயாவது சொன்னே, உன் அப்பர் எல்லாத்துலயும் பெருக்கல் போடுவேன்."

கடைசிக் கார்டை இழுத்தாள். 'நேரம் பார்த்தவர்' என்கிற இடத்தில், தோலில் குறி போடுகிற அதே அழுத்தத்தோடு எழுதினாள்: 'இருபத்தேழு நிமிடம். எம். தனகோடி, செக்கர்.' பக்கத்தில், பழக்க தோஷத்தில், ஒரு சரி குறியும் போட்டாள். ஏழு வருஷத்தில் பங்கஜத்துக்கு அவள் யோசிக்காமல் போட்ட முதல் சரி அது.

பங்கஜம் ஜீப்பின் பின்னாலேயே ஓடி, நகர்ந்துகொண்டிருந்த வண்டிக்குள் நாடகக் கட்டை எறிந்தாள். ஒலிம்பிக்கில் ஓடியிருந்தால் இந்தியாவுக்கு ஒரு மெடல்.

தை மாதம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அப்துல் வஹீத் சார் தன் வீட்டு முற்றத்தில் கலர் டி.வி.யைத் தூக்கி வைத்து, ஐம்பத்தெட்டுப் பேருக்கும் ஜமக்காளம் விரித்திருந்தார். 'எழுதியவர்: பங்கஜம், மாதனூர்' என்று எழுத்து வந்ததும் எழுந்த கூச்சலில் ஆன்டெனா தானாகத் திரும்பிப் படம் இன்னும் தெளிவாயிற்று. கோவிந்தராஜ் சார் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. டிபன் பாக்ஸ் மூடி மூன்று தடவை திறந்துகொண்டது. கேமரா மெதுவாகக் கீழே இறங்கிச் செருப்பைக் காட்டியது. லியாகத் அலி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"கமலா, பஸ்ஸு வந்துடும். சாப்பிட்டுப் போ."

திரையில் வணக்கம் வந்தது. அடுத்த நொடியே செய்தி வாசிப்பவர் வந்தார். ஒரு விநாடி கூடக் காத்திருக்கவில்லை. முற்றத்தில் மறுபடி அதே அமைதி. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர், கை அப்படியே நிற்க, நிமிர்ந்து பார்த்தார்.

"அட! இதை பஸ்ஸுலதானே படிச்சுப் பார்த்தீங்களாம்? அன்னிக்கு வண்டி லேட்டா வந்துச்சே... இதுக்கா?"

லியாகத் அலி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பங்கஜம் தரையைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தனகோடி சொல்லியிருக்கிறாள், சொல்ல மாட்டாள்.

"யாராவது சொல்லுங்கம்மா. நிஜமாவே ரோட்டுல ரிவர்ஸா வந்தீங்க?"

முன் வரிசையில் தனகோடி எழுந்து நின்றாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"ஆமா சார். நடந்துச்சு. ஒன்றரைக் கிலோமீட்டர். நான் தூங்கலை."